பாத்டப்புக்கு வருகிறவர்கள்

குளம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.
பக்கத்து பங்களாவை இடித்தபோது
குப்பை லாரிக்குக் காத்துக்கிடந்த பாத்டப் அது.
இருநூறு ரூபாயும் நாலு டீயும் கொடுத்துத்
தூக்கி வரச்சொல்லி
கொல்லையில் குழிவெட்டி இறக்கினேன்.
குழாய் இருந்த முனையில் இன்னும் துரு.
அந்தத் துருவின்மேல்தான்
முதல் தட்டான் வந்து உட்கார்ந்தது,
வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்
என்கிற மாதிரி.

ஜீவனஹள்ளியில் மார்ச் என்பது
டேங்கர்காரனுக்குப் போன் போட்டுக் காத்திருக்கிற மாதம்.
லாரித் தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாள் என்று
தெரு பேசிவிடும்.
ஆர்.ஓ. மெஷின் வேண்டாமென்று துப்புகிற நீரை
வாளியில் பிடித்துவைத்து
விடியுமுன் ஊற்றிவிடுகிறேன்.
கரிக்கும்தான்.
தவளைகள் இதுவரை புகார் சொன்னதில்லை.

தவளைகள் எப்படி வந்தன?
ரயில் பாதை ஓரமிருந்து என்கிறாள் பெலிண்டா.
இருக்கலாம். ஒவ்வொரு ரயிலுக்கும்
கத்துவதை நிறுத்தி வழிவிடுகின்றன.
பெலிண்டா மாடி வீடு, நைட் டியூட்டி நர்ஸ்.
ஏழரைக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல்
பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து
"இன்னிக்கு விசிட்டர்ஸ் யாரு?" என்பாள்.

ஒப்பிப்பேன்.
கீரி ஒன்று, வால் மட்டும்.
செம்போத்து நத்தை தின்று
செம்பருத்திக் கிளையில் வாய் துடைத்தது.
நேற்று அந்தியில் வௌவால்,
தையல்காரி நூலைப் பல்லால் நறுக்குவதுபோல
ஒரே இழுப்பில் குடித்துப் போனது.
பெலிண்டா தூங்கப் போவாள்.

ஏப்ரலில் ஒரு மதியம் பருந்து இறங்கியது.
அத்தனை பெரிய பறவை
மார்வரை தண்ணீரில்
ஒன்றும் செய்யாமல் நின்றது.
வெயில். வேறென்ன.
மிக்ஸியை நிறுத்திவிட்டேன்.
அன்றைக்கு தோசைக்குச் சட்னி இல்லை.

மடையான் வந்த நாள் வேறு.
தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாய்
அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது.
கல்லை எடுத்துவிட்டேன்.
எறிந்தாலும் படாது, எனக்குக் குறி வராது.
அதற்குள் அது எழும்பியது.
மண்நிறமாக நின்ற பறவை
சிறகை விரித்தால் உள்ளே முழுக்க வெள்ளை.
கையில் கல்லோடு
வாயைப் பிளந்து நின்றேன்.
அந்தக் கல் இப்போது டப்பின் ஓரத்தில் கிடக்கிறது.
தப்பித்ததில் ஒன்று,
வால் முழுசாய் உதிராத பொடித் தவளை,
அதன்மேல் ஏறி உட்கார்கிறது.

ஜூன் முதல் மழைக்கு அடுத்த காலை
துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில்
சட்டை.
கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடிபோல் ஒரு மூடி.
பெலிண்டா இறங்கி வந்து டேப் வைத்து அளந்தாள்.
ஐந்தடி மூன்றங்குலம்.
"உன்னைவிட ஓரங்குலம் ஜாஸ்தி" என்றாள்.
சாரை என்றேன் நான்.
சாரையாகத்தான் இருக்கும் என்றோம்
இரண்டு பேரும், இரண்டு தடவை.

பத்து மணிக்கு மல்லேஸ்வரத்திலிருந்து வீட்டுக்காரர் போன்.
நஞ்சுண்டய்யா என்று பேர்.
அந்தப் பேருக்குரியவர் கழுத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதற்கு
இவருக்கு அவ்வளவு பயம்.
"கொல்லையில் நீர் நிற்கிறதாமே,
ஹாவு கீவு பருத்தா?"
கன்னடத்திலும் பாம்புக்கு ஒரு கீம்பு உண்டு
என்பதில் எனக்குச் சின்ன சந்தோஷம்.
"இல்லை சார்," என்றேன்.
"பல்லி இருக்கிறது. அது எல்லார் வீட்டிலும்தானே."
கையில் அது
வெங்காயச் சருகைவிட லேசாய்க்
காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது.

சுருட்டி,
வாடகை ஒப்பந்தம் இருக்கிற ஃபைலில் வைத்தேன்.
வேறு பத்திரமான இடம் தோன்றவில்லை.

அன்று பொழுது சாய்கிற நேரம்
தவளைகள் சட்டென்று நிறுத்தின.
ரயில் எதுவும் வரவில்லை.
சுவிட்சின்மேல் போன கையை
எடுத்துக்கொண்டேன்.